எல்ல மலைச் சுற்று

பதுளை மாவட்டத்திலே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1040 மீற்றர் உயரத்தில், இரு மலைகளுக்கு இடைப்பட்டதொரு கணவாயின் தலைமாட்டில் அமைந்த சிற்றூர் எல்ல என்பது. ஒரு தலைமுறைக்கு முன்னர் ஒரு புகையிரத நிலையமும், ஒரு வாடிவீடும், சில கடைகளுமே அதன் செல்வம். இன்றோ உலகின் எத்திசையினின்றும் முதுகிற் பொதி சுமந்த இளைஞர்கள் வந்திறங்குகின்றார்கள். கடைப்பலகைகளில் யாம் வாசிக்க அறியாத மொழிகளும் இருந்தன. தமிழைக் காணப் புகையிரத நிலையத்துப் பெயர்ப்பலகை வரை செல்ல வேண்டியதாயிற்று.

தமிழாசிரியர் ஒருவர் ஊர்ப்பெயர் ஒன்றைக் கண்டால் வாளா இருப்பாரல்லர். பழந்தமிழில் ‘எல்’ என்பது ஒளியையும் பகலையும் குறிக்கும். ஆகவே இது தமிழ்ப் பெயரே என எம்முடன் வந்த அன்பர் ஒருவர் சாதிக்க முற்பட்டார். அன்பரின் தமிழ்ப்பற்றுப் போற்றத்தக்கதே. ஆயினும் ‘எல்ல’ என்பது நீர்வீழ்ச்சியைக் குறிக்கும் சிங்களச் சொல். உண்மையை விட்டுத்தான் மொழியை வளர்க்க வேண்டும் என்ற நிலை எம் மொழிக்கு இன்னும் வரவில்லை.

யாம் சென்றது 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்து இறுதி வாரத்தில். நல்லூர்த் திருவிழாவுக்கென வெளிநாட்டினின்றும் வந்திருந்த பழைய மாணவர் ஐவர், உயர்தர வகுப்பு மாணவர் இருவர், அவர்களுக்கு வழிகாட்டியாக யாம், ஆக எண்மர். வழிகாட்டும் பொறுப்பு எமக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்த எம்மை முதன்முதலில் நியமித்த இடம் பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்று. ஐந்து ஆண்டுகள் ஆண்டுக் கடமையாற்றினோம். அம்மலைகளின் வழிகளை எம் கால்கள் மறக்கவில்லை.

வெள்ளி இரவு கல்லூரி வாயிலினின்றும் வாடகை வாகனத்திற் புறப்பட்டோம். தம்புள்ளை தாண்டி மாத்தளையை அடைந்தபொழுது நள்ளிரவு கடந்திருந்தது. இளைஞர் இருவரும் உறங்கிவிட்டனர். முதியோர் உறங்கவில்லை, பேச்சு அவ்வீதியைப் பற்றியே நிகழ்ந்தது. தமிழகத்துத் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலாம் இடங்களினின்றும் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியைக் கால்நடையாகவே கடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியும் குளிர்காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டன. அவர்களின் வருகை தொடங்கி இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைந்து, 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஒன்று, யாம் சென்றதற்கு இரு வாரத்துக்கு முன்னர்த்தான், ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவெய்தியது. யாமோ குளிரூட்டிய வாகனத்தில் அதே மாத்தளையை உறக்கத்துக்கும் பேச்சுக்கும் இடையே கடந்தோம்.

எல்லவிலிருந்து புறப்பட்டு எல்லவுக்கே மீளும் இம்மலைச்சுற்று மிக நீண்டதன்று; ஏழெட்டுக் கிலோமீற்றரே. ஊரின் கடைத்தெருவைக் கடந்து பசறை வீதியிற் சிறிது தூரம் சென்றால், வலப்புறத்தே தேயிலைத் தோட்டத்தினூடே ஒரு வழி பிரிகின்றது. அவ்வழி ‘புஞ்சி ஸ்ரீபாத’ என்னும் குன்றுக்குச் செல்வது. தமிழிற் சின்னச் சிவனொளிபாதம் எனலாம். தூரத்தே நின்று நோக்கினாற் சிவனொளிபாத மலையின் வடிவை ஒத்திருத்தலால் அப்பெயர். ஆனால் அது 2243 மீற்றர்; இது 1141 மீற்றர். ஊரே ஆயிரத்து நாற்பதில் நிற்பதால், யாம் உண்மையில் ஏற வேண்டியது நூறு மீற்றரே. இதனை மலையேற்றம் என்று ஊர் திரும்பிப் பெருமை பேசுவோர் இக்கணக்கைச் சொல்லாது விடுவதே நலம். இறுதியில் உள்ள சில நூறு படிகளில் எம் அன்பர் இருவர் இளைப்பாறிய தடவைகளை யாமும் சொல்லாது விடுகின்றோம்.

உச்சியில் ஒரு புத்தர் சிலை உண்டு. எதிரே எல்லப் பாறை என வழங்கும் பெருமலை சுவர்போல் நிற்க, இடையே கணவாய் பிளந்து தெற்கே வெல்லவாயச் சமவெளியை நோக்கி இறங்குகின்றது. அப்பள்ளத்தினூடு செல்லும் வீதியின் ஓரத்தில் இராவணன் பெயர் கொண்ட நீர்வீழ்ச்சி உள்ளது. அவன் சீதையை ஒளித்துவைத்ததாகக் கூறும் குகையும் அண்மையில் உண்டு. “இராவணன் எங்களுக்கு நல்லவனா கெட்டவனா, சேர்?” என்று மாணவர் ஒருவர் வினவினார். கம்பனைக் கற்பிக்கும் வாயாலேயே சம்பந்தரையும் கற்பிக்க வேண்டியவர் யாம். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலிலே பெரும்பாலும் இராவணனைக் கொணர்ந்து, அவன் செருக்கு அடங்கியதையும் இறைவன் அவனுக்கு அருளியதையும் ஒருங்கே பாடுவார். நல்லவன், கெட்டவன் என்ற இரண்டு பெட்டிக்குள் அவனை அடைக்க இயலாது என்று மட்டும் கூறி, காற்றுக்கு அஞ்சி இறங்கத் தொடங்கினோம்.

அக்காற்றைப் பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணத்திற் சோளகம் என்று யாம் கூறும் தென்மேற்குக் காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையெல்லாம் பொழிந்துவிட்டு, மலையைக் கடந்து ஊவாவுக்குள் வறண்ட காற்றாக இறங்குகின்றது. அவ்வறட்சியில் தேயிலைச் செடி மெல்லவே வளரும். அதனாற் கொழுந்தில் மணம் செறியும். ஊவாத் தேயிலை உலகச் சந்தையிற் பெயர் பெற்றது ஆடி ஆவணி மாதங்களின் இக்காற்றினாலேயே.

குன்றினின்றும் இறங்கும் வழியிலே, பாதைக்கு மேற்புறத்துச் சரிவிற் பெண்கள் பதினைவர் அளவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். தலையில் இறுக்கிய கயிற்றிலே கூடை முதுகில் தொங்க, செடிகளின் மேல் மட்டக்கம்பை இட்டு, அதற்கு மேலெழுந்த இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்துப் பின்புறம் எறிந்தவாறு அவர்கள் நகர்ந்தனர். கண்கள் செடியை நோக்கியிருக்க, கைகள் கூடையின் வாயைத் தாமே அறிந்திருந்தன. எம் அன்பர் ஒருவர் விலையுயர்ந்த கமராவை எடுத்தார். பெண்களுள் ஒருவர், நாற்பது வயதினர், சற்றே நிமிர்ந்து, “படம் புடிச்சா எங்களுக்கு எப்பங்க காட்டுவீங்க?” என்றார். அன்பர் நாணி, சரிவில் ஏறிச் சென்று கமராவின் பின்புறத்துத் திரையிற் காட்டினார். அப்பெண் நெடுநேரம் நோக்கிவிட்டு, “கூட நல்லாத் தெரியுதுங்க” என்றார்.

அதன் பின்னரே பேச்சு வளர்ந்தது. எத்தனை மணிக்கு வேலை தொடக்கம் என்று யாம் கேட்டோம். “ஏழரைக்கெல்லாம் மலையில நிக்கணுங்க” என்றார்.

மலை என்னும் இச்சொல்லின்பால் எம் மாணவரின் கவனத்தைத் திருப்பினோம். எமக்கு மலை என்றால் ஏறி நின்று காட்சி காணும் உச்சி. தோட்டத்தாருக்கோ மலை என்பது பறிக்க வேண்டிய தேயிலைத் துண்டம். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. ‘மலைக்குப் போகின்றேன்’ என்றால் வேலைக்குப் போகின்றேன் என்பது பொருள். ஒரு மலையிற் பறித்தால் ஏழெட்டு நாளில் மீண்டும் கொழுந்து எழும். ஆகவே சுற்றிச் சுற்றி அதே மலைக்கு வர வேண்டும். பணியாளர் காலையிற் கூடும் இடம் பிரட்டுக்களம். ஆங்கிலத்துப் ‘பரேட்’ தமிழ் நாவில் அவ்வாறாயிற்று. வரிசை வீடுகளைக் குறித்த ‘லைன்’ என்பதே லயம் ஆயிற்று என்பர். தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோர். செடி வெட்டுதல் கவ்வாத்து. இவற்றுள் எம்மை மிகவும் ஈர்த்தது ‘பேர்’ என்னும் சொல். ஒரு நாள் வேலை முழுமையாகச் செய்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். “பதினெட்டுக் கிலோ எடுத்தாத்தான் முழுப்பேருங்க” என்றார் அவ்வம்மையார்.

செக்றோலில் நாள்தோறும் பெயர் எழுதப்பட்ட அம்மக்களின் பெயர், நாட்டின் இடாப்புகளில் நெடுங்காலம் எழுதப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது; மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு நாட்டுத் தலைமையமைச்சர்கள் செய்த ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர் எனப் பங்கிட்டது. அந்த எஞ்சியோரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மீந்து நின்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். எம்மோடு பேசிய அம்மையார் அப்பொழுது இருபது வயதினராய் இருந்திருப்பார்.

எம் அன்பருள் ஒருவர் பொறியியலாளர், ஓய்வு பெற்றவர், கல்லூரியிற் படிக்கும் நாளிலேயே கணக்கிற் புலி எனப் பெயர் பெற்றவர். அவர் நின்ற இடத்திலேயே ஒரு கணக்கிட்டார். 18 கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்து ஏறத்தாழ 4 கிலோ தேயிலை ஆகும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் எனின் 2000 கோப்பை. அன்று காலை எல்லக் கடைத்தெருவில் யாம் எண்மரும் அருந்திய தேநீருக்குப் பற்றுச்சீட்டு 3200 ரூபா. கோப்பை ஒன்றுக்கு 400. அவ்விலைப்படி அம்மையாரின் ஒருநாட் கூடை எட்டு இலட்சம் ரூபா. அவருடைய அப்போதைய நாட்சம்பளமோ 2021இல் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபா. கடை வாடகை, பால், சீனி, மின்சாரம், பணியாளர் கூலி எல்லாம் இடையில் உள்ளனவே. ஆகவே இது செம்மையான பொருளியற் கணக்கன்று. ஆயினும் அதன்பின் வழியிற் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

யாம் விடைபெற முயன்றபொழுது அம்மையார் எம்மை நோக்கி, “சார் எந்தப் பக்கங்க?” என்றார்.

“யாழ்ப்பாணம், அக்கா. பசறைப் பக்கத்திலை தோட்டப் பள்ளிக்கூடத்திலை ஐஞ்சு வருசம் படிப்பிச்சனான்.”

“அஞ்சு வருசமா? பரவாயில்லீங்களே” என்று அவர் வியந்தார். “எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்த கணக்கு சாரு ரெண்டு வருசந்தாங்க. மாத்தலாகிப் போயிட்டாரு. இன்னும் ஆள் வரல. எம் மக இந்தத் தடவ ஓ.எல். எழுதணும். கணக்குல பெயிலாயிட்டா மேல படிக்க ஏலாதுன்னு சொல்றாங்க. நெசமாங்க சார்?”

உண்மை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. உயர்தரத்துக்குத் தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தி வேண்டும் என்பது விதி. எம் அன்பர் மற்றொருவர், இரக்கமுடையவர், பாடசாலைக்கு ஏதேனும் நிதி உதவலாமா என வினவினார். அதற்கு அவ்வம்மையார், “காசு வேணாங்க. வர்ற சாரு நிக்கணுங்க” என்றார். பின்னர், பறிப்பு வரிசையில் தாம் பின்தங்கிவிட்டதைக் கண்டு விரைந்து செடிகளுக்குட் சென்றார்.

பசறை வீதியைக் கடந்து பாலத்தை நோக்கி இறங்கும் ஒற்றையடிப் பாதையில் இதுவே எம்மிடையே விவாதமாயிற்று. வடக்கினின்றும் மலைநாட்டுக்கு ஆசிரியராகச் சென்றோர் தொகை சிறிதன்று. எம் கல்லூரியின் பழைய மாணவருள்ளும் பலர் உளர். அவர்களாற் படித்து உயர்ந்தோரும் உளர். எனினும் பெரும்பாலோர் நியமனக் கடிதம் பெறும் நாளிலேயே மாற்றத்துக்கான விண்ணப்பத்தையும் மனத்தில் எழுதிவிடுகின்றோம். தங்க வீடில்லை, மழை, குளிர், ஊரிலே முதிய பெற்றோர் என்று காரணங்களும் பொய்யல்ல. யாமும் ஐந்தாண்டு முடிவில் விதிப்படி மாற்றம் பெற்று வந்தவரே. அதனைத் தவறென்று யாம் கருதவில்லை. ஆனால் எமக்கு ஐந்தாண்டு என்பது சேவைக்காலத்தின் ஒரு பகுதி. ஆறாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளைக்கு அதுவே ஏறக்குறையப் படிப்பு முழுவதும். அயலூரார் எத்துணை நல்லவராயினும் திரும்பிச் செல்வோரே. அம்மண்ணிற் பிறந்த பிள்ளைகள் கணிதமும் விஞ்ஞானமும் கற்று அங்கேயே ஆசிரியராக நின்றால் அன்றி இக்குறை தீராது. அவ்வாறு ஆசிரியராவதற்கு முதற்படி ஓ.எல். பரீட்சையில் அந்தக் கணிதச் சித்தி. அது இல்லாமையால் ஆசிரியர் இல்லை; ஆசிரியர் இல்லாமையால் அது இல்லை. எம் மலைவழியைக் காட்டிலும் இச்சுற்றே கடிதாகத் தோன்றியது.

ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அதன் படத்தைக் காணாதார் இன்று யார்? 1921இல் முடிவுற்றது, 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமும் உடையது, உருக்கின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டியது. முதலாம் உலகப்போரில் உருக்கெல்லாம் போர்முனைக்குச் சென்றமையால் அவ்வாறு கட்டினர் என்பது ஊரார் வழங்கும் கதை. யாம் சென்றபோது வண்டி வரும் நேரம். பாலத்தில் நின்ற கூட்டத்தைக் கண்டால் தேர்த்திருவிழா நினைவுக்கு வரும். வண்டி வந்தது, எல்லோரும் படம் பிடித்தனர், வண்டி போயிற்று.

அதனினும் எமக்கு உவப்பானது அடுத்த நிலையமாகிய தெமோதரையின் வளைவு. ஆங்குப் புகையிரதப் பாதை மலையைச் சுற்றி இறங்கி, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துட் புகுந்து செல்கின்றது. சரிவு மிகுந்த இடத்தில் பாதையை எங்ஙனம் இறக்குவது என்று பொறியியலாளர் திகைத்து நின்றபொழுது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டு அவ்வழி தோன்றிற்று என ஒரு கதை உண்டு. கதையே எனினும் எம் பொறியியலாளர் அதனை மிகவும் சுவைத்தார். “கங்காணியின்ரை பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டார். பெயரைக் கதை சொல்லவில்லை.

பாலத்திலிருந்து தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து எல்ல நிலையத்தை அடைந்தோம். அது அனுமதிக்கப்பட்ட வழியன்று எனினும் ஊராரும் விருந்தினரும் அவ்வழியே செல்கின்றனர். 1924இற் பதுளையை எட்டிய இப்பாதை தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல இட்டது. இன்று காட்சி காண்போரை ஏற்றி வருவதிலேயே அதற்குப் புகழ். பகல் இரண்டு மணிக்குச் சுற்று நிறைவெய்தியது. அன்று மாலை பொறியியலாளரைக் காணவில்லை. மீண்டும் தோட்டத்துக்குச் சென்று, கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மையாரைக் கண்டு, தொலைபேசி இலக்கம் பெற்று வந்திருந்தார். எம்மிடம் அதுபற்றி ஒரு சொல்லும் முன்னர்ச் சொல்லவில்லை.

அவ்வாண்டு புரட்டாதி முதல் ஞாயிறுதோறும் அவர் தொலைபேசி வாயிலாகக் கணிதம் கற்பித்தார். மாணவர் பதினொருவர்; கைபேசி மூன்று. லயத்திலே அலை கிடைக்காது. குன்றுக்குச் செல்லும் பாதையின் திருப்பம் ஒன்றிலே கிடைக்கும். ஆகவே உல்லாசப் பயணிகள் ஏறும் அதே வழியில் பிள்ளைகள் கொப்பியோடு அமர்ந்திருந்தனர். மழை வந்தால் வகுப்பில்லை. ஐப்பசி கார்த்திகையில் ஊவாவிலே மழை வராத ஞாயிறு அரிது. இவ்வகுப்பை ஒரு பெரிய சாதனையாகக் கொள்ளுமாறு யாம் கூறவில்லை. அலையில் வரும் குரல் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கு ஈடாகாது. அதனை அன்பரே முதலில் ஒப்புவார். இரு தவணைக்குப் பின் அப்பாடசாலைக்கு ஓர் ஆசிரியர் வந்தார். அவர் நிற்பாரா என்பதைக் காலம் கூறும்.

பரீட்சை 2024 மே மாதத்தில் நடந்தது. பெறுபேறு வந்த அன்று அம்மையார் பொறியியலாளரோடு பேசியபின் எம்மையும் அழைத்தார். மகளுக்குக் கணிதத்திற் ‘சீ’, தமிழில் ‘ஏ’. அன்பர் அந்தச் ‘சீ’யை ஊரெங்கும் கொண்டாடினார்; ‘ஏ’யைப் பற்றி அவர் வாய் திறவாமை எமக்கு வருத்தமே.

“பண்டாரவளையில சேத்தாச்சுங்க சார். காலையில அஞ்சே முக்கால் பஸ்ஸுங்க. நான் மலைக்குப் போறதுக்கு முன்னாடியே அவ போயிருவா” என்றார் அம்மையார். என்ன பிரிவு என்று கேட்டோம். கலைப்பிரிவாம்; தமிழும் ஒரு பாடமாம். இச்செய்தியைப் பொறியியலாளருக்கு இன்னும் யாம் தெரிவிக்கவில்லை. இம்மலரில் அவர் படித்துக்கொள்வார்.